கரையவேண்டிய நேரத்தில் கரையும் தோல்: தீக்காய மருத்துவத்தில் கொலாஜன் சாரத்தின் வரலாறு

உடலில் பாதிக்குமேல் வெந்தவர் இறப்பது பெரும்பாலும் நெருப்பினால் மட்டும் அன்று, தோல் இல்லாமற்போவதால். நீர் கசிந்து வெளியேறுகிறது, கிருமி தடையின்றி நுழைகிறது. நோயாளியின் தோலையே சீவி எடுத்து ஒட்டும் முறையை 1869இல் ரெவர்டினும் 1874இல் தீர்ஷும் வகுத்துத் தந்தார்கள். ஆனால் சீவி எடுக்க நல்ல தோல் எஞ்சியிருக்கவேண்டும். இறந்தவரின் தோலைப் போர்த்தினால் சில வாரங்களில் உடல் அதை ஒதுக்கிவிடும். இந்த முட்டுச்சந்திலிருந்து மருத்துவம் வெளியேறிய வழியை இக்கட்டுரை ஆராய்கிறது. நிலைத்து நிற்கும் மூடியைத் தேடியவரை வெற்றி கிட்டவில்லை. காலம் பார்த்துக் கரையும் பொருளைச் செய்தபோதே கிட்டியது என்பது இதன் வாதம்.

வெந்த தசையைக் காத்திருக்காமல் வெட்டி நீக்கவேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் ஒருவர் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அறுவை மருத்துவர் ஜான் பர்க். வெட்டிய பிறகு எதைக் கொண்டு மூடுவது என்ற கேள்வியோடு, 1970ஆம் ஆண்டை ஒட்டி, ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த எம்.ஐ.டி.க்குப் போனார். அங்கே இழைகளையும் பலபடிகளையும் ஆராய்ந்துகொண்டிருந்த ஐயனிஸ் யானஸைச் சந்தித்தார். அறுவைக் கத்தியும் இழை இயற்பியலும் கூட்டுச் சேர்வது அந்நாளில் வழக்கமில்லை.

மூடும் பொருளைச் செய்ய யானஸ் கையிலெடுத்தது தோலிலேயே உள்ள நார்ப்புரதமான கொலாஜனை. அதற்குச் சென்னையிலும் ஒரு வேர் உண்டு. அதன் மூவிழை முறுக்கமைப்பை 1954இல் ‘நேச்சர்’ இதழில் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். இது ஊர்ப்பெருமைக்காகச் சொல்வதன்று. யானஸ் தம் பொருளைச் செய்தபோது காக்க விரும்பியது இந்த மூவிழை முறுக்கைத்தான். முறுக்கு இழைகள் ஒழுங்காக அடுக்கப்படும்போது நாரில் தோன்றும் வரிப்பட்டைகளையோ அவர் அமிலத்தில் ஊறவைத்து அழித்தார். வரிப்பட்டை இருந்தால் இரத்தத் தட்டணுக்கள் அதில் வந்து குவியும், அழற்சி கிளம்பும்.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மாட்டுக் கொலாஜனை அசெட்டிக் அமிலத்தில் கூழாக்கி, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்டின் சல்பேட்டை அதில் சேர்க்கவேண்டும். கூழை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்தினால் பனிப்படிகங்கள் ஆவியாகி, அவை இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாகும். பிறகு குளூட்டரால்டிஹைடு கொண்டு இழைகளைக் குறுக்கே பிணைப்பார்கள். மேலே மெல்லிய சிலிகோன் ஏடு. அதன் வேலை ஈரத்தைக் காத்துக் கிருமியைத் தடுப்பது.

முதலில் இருவரும் எதிர்பார்த்தது புண்ணை விரைந்து மூடும் ஒரு போர்வை மட்டுமே. கினி எலிகளில் செய்த சோதனை எதிர்மாறாக அமைந்தது: இந்தப் பொருளை வைத்த புண் மூடுவதற்குத் தாமதமாயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் தோல்வி. ஆனால் புண் இயல்பாக மூடுவது, ஓரங்கள் சுருங்கி இழுபட்டு நடுவில் தழும்பு ஏறுவதால்தான். சுருக்கம் தடைப்பட்ட இடத்தில் தழும்புக்குப் பதிலாக உள்தோலை ஒத்த புதுத் திசு வளர்ந்திருந்தது. வளர்ந்த பாலூட்டியின் உள்தோல் தானாக மீண்டும் வளராது என்ற கருத்து வேரூன்றியிருந்த காலம் அது. இந்த வரலாற்றின் திருப்பம் இந்த ஒரு கவனிப்பில்தான் இருக்கிறது; தாமதத்தைக் குறையாகக் குறித்து அடுத்த மாதிரிக்கு நகர்ந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

ஏன் இப்படி? செல்கள் உள்ளே புகுந்து பற்றிக்கொள்ள ஒரு சாரம் கிடைத்தது; ஒரே திசையில் அணிவகுத்துப் புண்ணை இழுக்க அவற்றால் முடியவில்லை. துளைகள் 20 முதல் 125 மைக்ரோமீட்டர் வரை இருந்தால்தான் இந்த விளைவு. மிகச் சிறிதானால் செல் நுழையாது. மிகப் பெரிதானால் பற்றிக்கொள்ளும் பரப்பு குறையும். காலமும் அவ்வாறே. புதுத் திசு எழும் சில வாரங்களுக்குள் சாரம் கரையவேண்டும். முன்னதாகக் கரைந்தால் பயனில்லை, பிந்தினால் அதைச் சுற்றியே தழும்பு சூழும்.

1981இல் பர்க்கும் யானஸும் உடலில் 50 முதல் 95 விழுக்காடு வரை வெந்த 10 நோயாளிகளின் சிகிச்சை விவரத்தை வெளியிட்டார்கள். உள்தோல் உருவானதும் சிலிகோனை உரித்துவிட்டு, நோயாளியிடமிருந்தே மிக மெல்லிய மேல்தோலை எடுத்து ஒட்டினார்கள். மெல்லியதாக எடுப்பதால் எடுத்த இடம் விரைவில் ஆறும். அங்கிருந்தே மறுபடியும் எடுக்கலாம். 11 மருத்துவ மையங்களில் 106 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. ‘இன்டெக்ரா’ என்ற பெயரில் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது 1996இல்.

அதே பாஸ்டன் வட்டாரத்தில் வேறொரு பாதையும் ஓடியது. ஹோவர்ட் கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் 1975இல் மனித மேல்தோல் செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் பெருக்கிக் காட்டினார்கள். தபால்தலை அளவுத் தோலிலிருந்து உடல் முழுவதையும் மூடுமளவு ஏடு வளர்க்கலாம். ஆனால் வளர வாரக்கணக்கில் ஆகும். கீழே உள்தோல் இல்லாததால் ஒட்டிய ஏடு எளிதில் கொப்புளித்து உரியும். அந்தப் பாதை வீண்போகவில்லை: பிறவித் தோல்நோயால் மேல்தோலில் 80 விழுக்காட்டை இழந்த 7 வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய செல்களால் வளர்த்த ஏட்டைப் போர்த்தியதை மிக்கேலே தெ லூக்காவின் குழு 2017இல் அறிவித்தது. அச்சிறுவனுக்கு உள்தோல் இருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். தீக்காயத்தில் அதுவும் போய்விடுகிறது. அவசர வார்டுக்கு அலமாரியிலிருந்து உடனே எடுக்கக்கூடிய சாரமே உதவும் என்பது என் மதிப்பீடு.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஜான் கிரீன்வுட் உருவாக்கிய பாலியுரித்தேன் நுரைச்சாரத்தில் கொலாஜனே இல்லை. இருந்தும் உள்தோல் போன்ற திசு அதில் வளர்கிறது; நுரையும் மெல்லக் கரைகிறது. மாட்டு நாரும் சுறாவின் குருத்தெலும்பும் இன்றியமையாதவை அல்ல, துளையும் கரையும் வேகமுமே முக்கியம் என்ற ஐயத்தை இது எழுப்புகிறது. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

இந்தச் சாரங்களில் வளரும் உள்தோலில் மயிர்க்கால் இல்லை, வியர்வைச் சுரப்பி இல்லை. பெரும்பரப்பில் ஒட்டுத்தோல் பெற்று உயிர்பிழைத்தவருக்குச் சித்திரை வெயில் வெறும் உபத்திரவம் அன்று. உடல் வெப்பம் தணிய வழியில்லாத ஆபத்து. வியர்க்கும் தோலை மனிதரிடம் மீண்டும் வளர்க்கும் சிகிச்சை இன்றுவரை எந்த வார்டுக்கும் வழக்கமாக வந்து சேரவில்லை.