களியும் சோறும் இடுப்பளவும்

"களி தின்ன காலத்துல யாருக்குங்க தொப்பை இருந்துச்சு?"னு மணவூர், திருத்தணி பக்கம் பெருசுங்க கேப்பாங்க. பாதி உண்மைதான்.

1960 வரைக்கும் திருத்தணி தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழ் வீட்டில் களி, தெலுங்கு வீட்டில் சங்கடி. ரெண்டும் கேழ்வரகுதான். கூடவே கீரைக் கடைசல், கொள்ளு, வேர்க்கடலைத் துவையல், கிடைச்சா கருவாடு. நாள் முழுக்க வயல் வேலை வேற. வயிறு ஒட்டிக் கிடந்ததுக்குப் பல வீடுகளில் பசியும் காரணம், அதை மறக்கக் கூடாது.

1966-ல் ஐ.ஆர்.8 நெல் வந்தது. 1967-ல் அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-ல் இலவசம். பசி போச்சு. அது பெரிய விஷயம். ஆனா தட்டுல சோறு மலையாச்சு, பயறு ஓரத்துக்குப் போச்சு.

அப்ப மறுபடி களிக்கே போயிடலாமா? நூறு கிராம் கேழ்வரகில் புரதம் சுமார் 7 கிராம், அரிசியில் 8. நார்ச்சத்தில்தான் கேழ்வரகு ஜெயிக்குது: 11-க்கு 3. 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி நம்ம கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் வெறும் 12. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காம, அரிசிக்குப் பதிலா சிறுதானியம்னு மாத்தினா மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறையலையாம். அஞ்சு சதவீத மாவுச்சத்தைப் பருப்பு, பால் புரதமா மாத்தினா குறையுதாம்.

இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 தாண்டினா உஷார். நாம தொலைச்சது களியை மட்டுமில்லைங்க, அதுக்குத் தொட்டுக்கிட்ட கொள்ளையும் கடலையையும்தான்.