கார் ஏசியில் குளிர்பதன வாயு நிரப்புதல்: சொந்த முயற்சியும் பட்டறைப் பணியும்

கார் ஏசியில் குளிர்பதன வாயு நிரப்புதல் என்பது, கசிவினாலோ பழுதுபார்ப்பினாலோ குறைந்துபோன வாயுவை உற்பத்தியாளர் வரையறுத்த அளவுக்கு மீண்டும் கொண்டுவரும் பணியாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது ‘கேஸ் ஏற்றுதல்’ எனப்படுகிறது. அமெரிக்காவில் கார் உரிமையாளரே உதிரிபாகக் கடையில் சிறு கேன் ஒன்றை வாங்கி இதைச் செய்துகொள்ளும் வழக்கம் பரவலாக இருப்பதால், எந்த அளவுக்கு இது உரிமையாளரின் கைவேலை, எங்கிருந்து பயிற்சி பெற்றவரின் பணி என்ற கேள்வி அங்கே நெடுங்காலமாக நிலவுகிறது.

ஏசி ஒரு மூடிய சுற்று. கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்ப, அங்கே அது வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அத்திரவம் விரிவு வால்வின் நுண்துளை வழியே சென்று அழுத்தம் இழந்ததும், டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் கொதித்து ஆவியாகி, காருக்குள் உள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்தச் சுழற்சியில் வாயு செலவாவதே இல்லை என்பதால், அது குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்றே பொருள். கம்ப்ரசர் தண்டின் சீல், குழாய் இணைப்புகளில் உள்ள ‘ஓ’ வளையங்கள், கல்லடி பட்ட கண்டென்சர் ஆகியவை வழக்கமான கசிவிடங்கள். ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியே பல ஆண்டுகளில் மெல்ல வெளியேறும் இழப்பு இயல்பானது. ஒரே கோடைக்குள் குளிர்ச்சி நின்றுபோவது இயல்பானதன்று.

சொந்த முயற்சிக்கும் பட்டறைப் பணிக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு, முன்னது அழுத்தத்தைப் பார்த்து நிரப்புகிறது, பின்னது எடையைப் பார்த்து நிரப்புகிறது என்பதே. நீண்டகாலம் பெருவழக்காக இருந்த ஆர்-134ஏ வாயு, இயற்கைக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியசில் கொதிக்கக்கூடியது. எஞ்சின் அணைந்து, சுற்று முழுவதும் 30 டிகிரியில் இருக்கும்போது, உள்ளே 300 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும், திரவம் சிறிதேனும் எஞ்சியிருக்கும்வரை மானி ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ என்றே காட்டும். வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் மீதம் எவ்வளவு என்பது அடுப்பின் சுடரைப் பார்த்துத் தெரியாது, உருளையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். இங்கும் நிலைமை அதுவே. சிறிய, நடுத்தரக் கார்களில் பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் வரையே வாயு இருப்பதால், 100 கிராம் பிழைகூடக் கணிசமானது. குறைந்தால், வாயுவோடு சேர்ந்து சுற்றிவரும் எண்ணெய் கம்ப்ரசருக்குப் போதுமான அளவு திரும்பாமல் அது தேய்கிறது. மிகுந்தால் உயரழுத்தப் பக்கத்தின் அழுத்தம் ஏறி, குளிர்ச்சி கூடுவதற்குப் பதிலாகக் குறைகிறது.

சொந்தமாக நிரப்புபவர் எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழு அளவில் வைத்து, தாழழுத்தப் பக்கத்து முனையில் கேனின் ஹோஸைப் பொருத்தி, சிறு மானியின் முள் பச்சைப் பட்டைக்குள் வரும்வரை வாயுவை உள்ளே விடுகிறார். வாயு மிகக் குறைந்த காரில் கம்ப்ரசர் கிளட்ச் சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘டக்’கென்று பிடித்து விடும், அது விட்டிருக்கும் கணங்களில் தாழழுத்தப் பக்கத்தின் அழுத்தம் உயர்ந்து, ஏறத்தாழக் காலியான அமைப்பையும் நிறைந்ததாகக் காட்டிவிடுகிறது. கேனைத் தலைகீழாகப் பிடித்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குள் போய் அதன் வால்வுகளை உடைக்கக்கூடும். முனைகளின் விட்டம் வேறுபட்டிருப்பதையும் மீறி உயரழுத்தப் பக்கத்தில் இணைத்துவிட்டால் கேனே வெடிக்கலாம். கசிவை அடைக்கும் பசை கலந்த கேன்கள் இவற்றில் மிகத் தீங்கானவை: காற்றின் ஈரத்தைச் சந்திக்கும் இடத்தில் இறுகுமாறு அமைந்த அப்பசை, ஈரம் புகுந்த சுற்றில் விரிவு வால்வையும், பின்னர் பட்டறையில் வாயுவை வெளியே எடுக்கும் மீட்பு இயந்திரத்தையும் அடைத்துவிடக்கூடும் என்பதால், அது கலந்த காரைத் தொட மறுக்கும் பட்டறைகள் உண்டு.

பட்டறைப் பணி முறையாக நடந்தால், முதலில் எஞ்சிய வாயு முழுவதும் மீட்கப்பட்டு எடைபோடப்படுகிறது. எவ்வளவு கசிந்தது என்பது இவ்விடத்தில்தான் முதன்முறையாகத் தெரியவருகிறது. அடுத்து, நைட்ரஜன் அழுத்தம், மின்னணு உணர்கருவி, புறஊதா ஒளியில் மிளிரும் சாயம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் கசிவு தேடப்பட்டுச் சரிசெய்யப்படுகிறது. பின்னர் வெற்றிடப் பம்பு நெடுநேரம் ஓடி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுவதோடு, ஈரத்தையும் சாதாரண வெப்பநிலையிலேயே கொதிக்கவைத்து நீக்குகிறது. கேன் முறையில் இந்தப் படிநிலைக்கு இடமே இல்லை. இறுதியில், பானெட்டுக்கு அடியில் ஒட்டப்பட்டுள்ள அட்டையில் குறித்த எடை அளந்து ஏற்றப்படுகிறது. வாகனப் பொறியாளர் அமைப்பான எஸ்ஏஇயின் ஜே2788 தரத்துக்கு உட்பட்ட இயந்திரங்கள் இதை 15 கிராம் அளவுக்குள் துல்லியமாகச் செய்ய வேண்டும். கசிவைத் தேடாமலும் எடைபோடாமலும் மேலாக நிரப்பித் தரும் பட்டறை, கூலி வாங்கிக்கொண்டு கேன் வேலையையே செய்கிறது.

சட்டம் உரிமையாளரை முற்றிலும் விலக்கவில்லை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் 609ஆம் பிரிவின்படி, கூலிக்குக் கார் ஏசி பழுதுபார்ப்பவர் சான்றிதழும் ஏற்கப்பட்ட கருவியும் கொண்டிருக்க வேண்டும். தன் காரில் வேலை செய்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லையென்றாலும், வாயுவைத் தெரிந்தே வெளியேற்றுவது அவருக்கும் குற்றமே. ஓசோன் படலத்தைச் சிதைத்த ஆர்-12க்கு மாற்றாக வந்த ஆர்-134ஏ, 100 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு புவியை வெப்பமாக்குவது. 340 கிராம் கேன் ஒன்று காற்றில் கலந்தால் அது ஏறத்தாழ 486 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இதனால் அமெரிக்காவில் 2018 முதல், சான்றிதழ் இல்லாதவருக்கு விற்கும் சிறு கேன்களில் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயமானது. கலிஃபோர்னியா 2010லேயே அதனுடன் 10 டாலர் வைப்புத்தொகையையும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ மறுபடி நிரப்பவியலாத கலன்களின் விற்பனையை 2007லேயே தடுத்துவிட்டது.

பல ஆண்டுகளில் மெதுவாகக் குளிர்ச்சி குறைந்த பழைய ஆர்-134ஏ காருக்குப் பசை கலவாத கேனை, சமையலறைத் தராசில் எடை பார்த்தபடி சிறிதளவு ஏற்றுவது ஏற்கத்தக்க சிக்கனமே. அதே கோடையில் மறுபடியும் குளிர்ச்சி குறைந்தால், அடுத்த கேனை வாங்குவது நியாயமன்று. அண்மைக்கால மின்சாரக் கார்களிலும் பல ஹைபிரிட்களிலும் அந்தச் சிக்கனத்துக்குக்கூட இடமில்லை. அவற்றின் கம்ப்ரசரை உயர்மின்னழுத்த மோட்டார் உள்ளிருந்தே சுழற்றுவதால், மின்காப்புத் தன்மை கொண்ட தனி எண்ணெய் தேவைப்படுகிறது, கேனில் பொதுவாகக் கலந்துவரும் பிஏஜி எண்ணெய் சிறிதளவு புகுந்தாலும் மின்காப்பு குன்றி, வாகனத்தின் பாதுகாப்பு அமைப்பு மின்சாரத்தைத் துண்டிக்கக்கூடும்.