துவர்ப்பு எங்கே போகிறது?

இலையுதிர் காலம் முடியும் தறுவாயில் ரொறன்ரோ, பாரிஸ், சூரிச் கடைகளில் செம்மஞ்சள் நிறப் பழமொன்று குவிகிறது. கனடாவில் அது பெர்சிமன். பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் காக்கி. நிறத்தை நம்பிக் கடித்தவர்களில் சிலருக்கு நாக்குத் தடித்து, வாயெல்லாம் பிசின் பூசியது போலாகும். அத்தோடு அந்தப் பழத்தையே கைவிட்டவர்களும் உண்டு. தமிழில் காய்க்கும் பழத்துக்கும் நடுவே செங்காய் என்றொரு நிலை இருக்கிறது. காக்கி செங்காயாக இருக்கும்போதே பழம் போலத் தோன்றிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலோடு மனிதர் நெடுங்காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1607இல் வேர்ஜீனியாவில் குடியேறிய ஆங்கிலேயர், இதன் அமெரிக்க உறவுமரத்தைக் காட்டில் கண்டனர். பழுக்காததைத் தின்றால் வாய் கோணும், பழுத்ததோ ஏப்ரிகொட் போல இனிக்கும் என்ற கருத்தில் கப்டன் ஜோன் ஸ்மித் 1612இல் எழுதினார். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களோ அதை உலர்த்திச் சேமிக்கவும் அறிந்திருந்தனர். பெர்சிமன் என்ற பெயரே அவர்களுடைய மொழியிலிருந்து வந்ததுதான்.

காக்கியின் தாயகம் சீனா. அதைப் பண்படுத்தியதில் யப்பானுக்குப் பெரும் பங்குண்டு. இன்றைய கவசாகி நகரத்து ஓசென்ஜி விகாரையை அடுத்த காட்டில் 1214இல் இனிப்பான காக்கி மரமொன்று கண்டெடுக்கப்பட்டதாக அவ்வூர் மரபு சொல்கிறது. சென்ஜிமாரு எனப்படும் அந்த வகையும் உள்ளே விதை பிடித்தால்தான் நன்றாக இனிக்கும். மற்ற மரங்களின் துவர்ப்பை நீக்க மக்கள் வெவ்வேறு வழிகளைக் கண்டனர்: தோலுரித்து இறவாரத்தில் தொங்கவிட்டு உலர்த்தினர், வெந்நீரில் ஊறவைத்தனர், மதுவைத் தெளித்து மூடிவைத்தனர்.

இவற்றால் துவர்ப்பு எங்கே போகிறது? உண்மையில் எங்கும் போவதில்லை. காயிலுள்ள தனின் உமிழ்நீரில் கரைந்து, அதிலுள்ள புரதங்களைப் பற்றித் திரளச் செய்கிறது; வாய் வறள்வது அதனால்தான். கனியும்போது அந்தத் தனின் கரையாத நிலைக்கு மாறிவிடுகிறது. பழத்துக்குள்ளேயே இருக்கும், நாக்குக்கு எட்டாது.

உண்பவருக்குத் தொல்லையான அதே தனின் தொழிலாளருக்கு உதவியது. பச்சைக் காயை இடித்துப் புளிக்கவைத்துப் பிழிந்த சாற்றை யப்பானியர் கக்கிஷிபு என்றனர். கிமோனோத் துணிக்கு அச்சுவெட்டும் தாள்களையும் மீன்வலைகளையும் அது உறுதியாக்கியது. துவர்ப்பைக் குறிக்கும் 'ஷிபுய்' என்ற சொல், அங்கே ஆடம்பரமற்ற அழகைப் புகழும் சொல்லாகவும் வளர்ந்தது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. காக்கியின் நெருங்கிய உறவான பனிச்சை நம் நிலத்து மரம். அதன் காயை இடித்து ஊறவைத்த நீரில் நம் மீனவரும் வலைகளைத் தோய்த்தனர். மட்டக்களப்பின் பனிச்சங்கேணி இன்றும் அந்தப் பெயரைச் சுமக்கிறது. தமிழில் துவர் என்பது சுவை மட்டுமல்ல, செந்நிறமும் கூட. காவி தோய்த்த உடை துவராடை. நைலோன் வலை வந்தபின் பனிச்சங்காயின் தேவை குறைந்தது. தேவை குறைந்ததும் அதை அறிந்தவர்களின் தொகையும் குறைந்தது.

காக்கிக்கும் இப்போது அப்படியொரு மாற்றம் நேர்கிறது. ஸ்பெயினின் வலென்சியாப் பகுதியில், அறுவடை செய்த பழங்களை ஏறத்தாழ ஒரு நாள் கரியமிலவாயு நிறைந்த அறையில் வைக்கிறார்கள். துவர்ப்பு அடங்கும், பழமோ இறுக்கமாகவே இருக்கும். தூர தேசம் அனுப்ப வசதி. நம் ஊரில் வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகையூட்டியவர்களுக்கு இது விந்தையாக இராது. ஆனால் கனிந்ததா என்று தொட்டுப் பார்க்கும் வேலை இப்போது உண்பவர் கையில் இல்லை.

எல்லாப் பழமும் அந்த அறைக்குள் போய் வருவதில்லை. ஆகவே கைப்பக்குவம் இன்னும் வேண்டும். தக்காளி போலத் தட்டையான ஃபூயு வகையை இறுக்கமாக இருக்கும்போதே உண்ணலாம். அடி கூம்பிய ஹச்சியா வகைக்குப் பொறுமை தேவை: தோல் கண்ணாடி போலாகி, நீர் நிரப்பிய பலூன் போலக் குழைய வேண்டும். வாழைப்பழத்தோடு கடதாசிப் பையில் இட்டால் விரைவில் கனியும். உறைபனி பட்டால்தான் கனியும் என்பது பழைய நம்பிக்கை. பனி இல்லாமலும் கனியும். காயாக உள்ளதை வெறும் வயிற்றில் நிறைய உண்பது ஆபத்து. தனின் இரைப்பையில் திரண்டு கல்லாகி, சிலருக்கு அறுவைச் சிகிச்சை வரை போவதுண்டு.

பிள்ளைகளுக்கு இந்தப் பழத்தைக் கொடுக்கும்போது சீமைப் பனிச்சை என்று சொல்லிக் கொடுக்கலாம். பனிச்சை என்றால் என்ன என்று அவர்கள் கேட்பார்கள். வலை தோய்த்ததைப் பார்த்த ஒருவராவது நம் குடும்பங்களில் இன்னும் இருக்கும்போதே அந்தக் கேள்வி வரட்டும்.