ஏரிப் பனி கடல் கடந்த கதை

ஐதராபாத்தில் வாழும் தமிழராகிய நமக்கு மார்கழி, தை மாதங்களிற் குளிர் உண்டு. ஆயின் நமது ஹுசேன் சாகர் உறைவதில்லை. ஏரிகள் கல்லாக உறையும் தேசத்துக் குளிர்காலம் ஒன்று, கப்பலேறிச் சென்னைக் கடற்கரையில் வந்திறங்கிய வரலாறு உண்டு. 'ஐஸ் ஹவுஸ்' என்னும் பெயரை நாளும் வழங்குவோர் பலர். அதன் காரணத்தை எண்ணுவோர் சிலரே. அதனை ஈண்டுச் சுருக்கமாக வரைவோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சூழ ஏரிகள் பல உள. அந்நகரத்து வணிகர் பிரெடரிக் டியூடர் 1806-ஆம் ஆண்டில் மார்ட்டினிக் தீவுக்குப் பனிக்கட்டி அனுப்பினார். 1833-இல் அவரது சரக்கு கல்கத்தாவை அடைந்தது. ஏற்றியது 180 டன். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கரை சேர்ந்தது சுமார் 100 டன். 1840-களின் தொடக்கத்தில் சென்னையிலும் அவருக்கு ஒரு கிடங்கு எழுந்தது.

ஏரி உறைந்தால் மட்டும் போதாது. வானிலிருந்து பொழியும் வெண்பனி, உறைந்த நீரின்மேற் படிந்தால் கம்பளி போலக் குளிரைத் தடுத்துவிடும், கட்டி தடிக்காது. ஆகவே குதிரைகளைக் கொண்டு அதனை வழித்து ஒதுக்குவர். பின்னர், நத்தானியேல் வயத் 1825 அளவில் அமைத்த, குதிரை இழுக்கும் கருவியால் கோடு கீறிச் சம அளவுக் கட்டிகளாகப் பெயர்ப்பர். இடைவெளியின்றி அடுக்கி மரத்தூளால் மூடினால் கரைதல் குறையும். 1841-இல் பிரெஷ் பாண்ட் ஏரிக்கரைக்கே இருப்புப்பாதை வந்தது. சரக்குக் கணக்கெழுதிப் பிழைக்கும் இரயில்வே ஊழியராகிய நாம், வழியிலேயே கரையும் இச்சரக்கை எண்ணி வியக்கிறோம்! குளிர் குறைந்த ஆண்டிலோ சரக்குக்கே பஞ்சம்.

1846-47 குளிர்காலத்தில் வால்டன் ஏரியிற் பனி அறுத்ததை, அதன் கரையில் வாழ்ந்த அறிஞர் தோரோ 1854-இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். அறுத்தவர் நூறு ஐரிஷ் தொழிலாளர். அக்காலத்தில் அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் வாட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் விறைத்த கைகளால் அறுத்த பனி போன்றது, வெள்ளைத் துரைமார், செல்வர் ஆகியோரின் கோப்பைகளைக் குளிர்வித்தது. வணிகர் பெயரைச் சரித்திரம் காத்தது. அந்நூற்றுவரின் பெயர்களைக் காக்கவில்லை. பிழைப்பு நாடி ஊர் விட்டு வந்த நாம் அவர்களை மறத்தல் தகுமோ?

1870-களில் இயந்திரப் பனிக்கட்டி பெருகவே, ஏரிப் பனி வாணிகம் நலிந்தது. கட்டடமோ அழியவில்லை. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் அதனை இல்லமாக்கினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கிச் சொற்பொழிவாற்றினார். பின்னர் சகோதரி சுப்புலட்சுமியின் முயற்சியால், வாழ்விழந்த இளம் விதவையர் அங்கே தங்கிக் கல்வி கற்றனர், ஆசிரியைகளாகத் தலைநிமிர்ந்தனர். 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது.

சிலருடைய நாவின் சுகத்துக்காக எழுந்த மனை, பல பெண்களின் வாழ்வைக் குளிர்வித்தது. பனிக்கட்டி கரைந்தது, அப்பயன் கரையவில்லை. அடுத்த முறை திருவல்லிக்கேணிக்குச் செல்லும் சங்கத்து அன்பர்கள், நம் பிள்ளைகளை அவ்விடத்தே நிறுத்தி, பனி அறுத்த கைகளின் கதையையும், அங்கே ஏடெடுத்த கைகளின் கதையையும் சேர்த்தே சொல்வார்களாக!