இருபத்தைந்து சதமும் வன்னி விவசாயியும்: இலவச வைத்தியசேவை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

இலவச வைத்தியசேவையின் செலவை யார் ஏற்பது என்னும் விவாதம் இலங்கையில் எப்பொழுதும் திறைசேரியின் கணக்கிலிருந்தே தொடங்குகின்றது. நோயாளி எதுவும் கொடுப்பதில்லை என்பது அதன் எடுகோள். வன்னிப் பெருநிலப்பரப்பின் சமூக வரலாற்றை நோக்குமிடத்து இவ்வெடுகோளே ஐயத்துக்குரியதாகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வன்னி பறங்கி நோயாலும் காய்ச்சலாலும் குடியழிந்த நிலம். பறங்கி பற்றிய கின்சியின் அறிக்கை வெளிவந்த 1881ஆம் ஆண்டில் இந்நாட்டு நெற்செய்கையாளன் நெல்வரி செலுத்திக்கொண்டிருந்தான். 1892இலேயே அவ்வரி நீக்கப்பட்டது. நோயாளி முற்பணம் கட்டிவிட்டான், வைத்தியசாலைதான் வந்துசேரவில்லை எனக் கூறின் அது மிகையன்று.

1934–35இன் மலேரியாப் பெருந்தொற்று ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. அதன் கொடுமை ஈரவலயத்தை அண்டிய பகுதிகளையே பெரிதும் தாக்கியது. வன்னியிலோ மலேரியா ஆண்டுதோறும் வருவது. ஆதலால் அது எவருக்கும் செய்தியாகவில்லை. அத்தொற்றின்போது கேகாலைக் கிராமங்களில் சூரியமல் இயக்கத்தினர் மருந்தும் உணவும் வழங்கினர். அவர்களுள் ஒருவர் என். எம். பெரேரா. சர்வசன வாக்குரிமையும் இடதுசாரி இயக்கமும் தந்த நெருக்குதலின் பயனாக 1951இல் அரசாங்க வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. இதற்கிடையில் டி.டி.ரி. தெளிப்பு மலேரியாவை அடக்கிற்று. 1963இல் நாடு முழுவதிலும் பதிவானவை 17 நோயாளிகளே. கிளிநொச்சியிலும் முத்தையன்கட்டிலும் பாவற்குளத்திலும் குடியேற்றங்கள் நிலைபெற்றமைக்கு நீர்ப்பாசனத்தைப் போலவே இதுவும் காரணமாகும்.

1971 நவம்பர் வரவுசெலவுத் திட்டம் வெளிநோயாளர் ஒவ்வொருவரும் 25 சதம் செலுத்தவேண்டும் என விதித்தது. விதித்தவர் ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் நிதியமைச்சர் என். எம். பெரேரா. அந்நியச் செலாவணி நெருக்கடியும் ஏப்ரல் கிளர்ச்சியின் பின்விளைவுகளும் அரசாங்கத்தை அழுத்தின என்பது உண்மை. தொகை பெயரளவிலானது, தேவையற்ற வருகையைத் தடுக்கும் என்பது ஆதரித்தோர் வாதம். எதிர்த்தோர் கொள்கையைப் பற்றிப் பேசினர். இருசாராரும் 25 சதத்தின் வர்க்கத் தன்மையைப் போதியளவு ஆராயவில்லை என்பதே எமது கருத்து.

அவ்வாண்டுகளில் இறக்குமதித் தடையினால் மிளகாய்க்கு நல்ல விலை கிடைத்தது. விசுவமடு போன்ற இடங்களின் செய்கையாளனுக்கு 25 சதம் பொருட்டன்று. ஆனால் அதே மிளகாய்த் தோட்டத்தில் கொத்தியவனும் களைபிடுங்கியவளும் யார்? 1973–74இன் பட்டினியால் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்தோர் அவர்களுட் பலர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குடியுரிமை இழந்தோர். காய்ச்சற்காரப் பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அதன்மேல் இந்த 25 சதம். எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்னும் சமத்துவம் இங்கு வர்க்க வேறுபாட்டை மூடிமறைக்கும் திரையாகத் தொழிற்பட்டது. 'தேவையற்ற' வருகையா தடுக்கப்பட்டது?

இத்தகைய முரண்பாடு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் இலவசச் சுகாதார சேவையைத் தோற்றுவித்த தொழிற்கட்சியே 1951இல் பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் கட்டணம் விதித்தது. அச்சேவையின் சிற்பியான அனியூரின் பெவன் அமைச்சரவையிலிருந்து விலகினார். கொழும்பு அமைச்சரவையிலிருந்த இடதுசாரிகள் எவரும் 25 சதத்துக்காகப் பதவி துறக்கவில்லை.

விளைவு கசப்பானது. 1977இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி அக்கட்டணத்தை நீக்கி, இலவச வைத்தியத்தின் காவலன் என்னும் பெயரைப் பெற்றுக்கொண்டது. அரசாங்க வைத்தியர்கள் தனியாராகப் பணம் பெற்று வைத்தியம் பார்க்கும் உரிமையை மீள வழங்கியதும் அதே அரசாங்கமே. கட்டணம் ஒழியவில்லை, வைத்தியசாலை வாயிலிலிருந்து மருந்துக்கடைக்கும் தனியார் சிகிச்சை நிலையத்துக்கும் இடம்பெயர்ந்தது. இன்று நாட்டின் மொத்தச் சுகாதாரச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் கைப்பணமாகும். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்தபோது நோயாளிகள் துண்டுச்சீட்டுடன் வெளிக்கடைகளுக்கு அனுப்பப்பட்டனர்.

வவுனியா மாவட்ட நெற்செய்கையாளரிடையே காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் இரத்தச் சுத்திகரிப்புக்குக் கட்டணம் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் அங்கு செல்லும் நோயாளியின் உழைப்பும், உடன்செல்லும் உறவினரின் கூலியும், பஸ் கட்டணமும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் சுகாதாரச் செலவாகப் பதியப்படுவதில்லை.