தேன்மொழியின் வயது: தமிழ் நெடுந்தொடரில் வளரும் குழந்தைப் பாத்திரம்

தொலைக்காட்சித் தொடரில் காலம் எப்படி ஓடுகிறது என்று எழுதுவோர் பெரும்பாலும் கிறிஸ்டின் ஜெராட்டியிடமிருந்தே தொடங்குகிறார்கள். பிரித்தானியத் தொடரான 'கொரனேஷன் ஸ்ட்ரீட்' பற்றி 1981இல் வெளிவந்த நூலில் அவர் சொன்னது இது: இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே நமக்குக் காலம் நகர்வதுபோலவே பாத்திரங்களுக்கும் நகர்கிறது, திரையில் பதிவாகாத ஒரு வாழ்வை அவர்கள் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். அப்போது வாரம் இருமுறை ஒளிபரப்பான அத்தொடருக்கு இது பொருந்தலாம். ஆனால் அங்கேயும் 1977இல் கதைக்குள் பிறந்த ட்ரேசி பார்லோவை அடுத்தடுத்து நான்கு நடிகையர் ஏற்றிருக்கிறார்கள். பதிவாகாத வாழ்விலிருந்து குழந்தை வேறு முகத்தோடு திரும்புகிறது என்றால், அந்தக் காலத்தை இயல்பாக ஓடும் காலம் என்று எப்படிக் கொள்வது?

தமிழில் இக்கருத்து இன்னும் தளர்கிறது. 1999இல் சன் டிவியில் 'சித்தி' தொடங்கியபின் வாரநாள்தோறும் வரும் தொடரே வழக்கமாயிற்று. நேற்றிரவு உறைந்த முகத்திலேயே இன்றைய அத்தியாயம் பெரும்பாலும் தொடங்கும். இடையில் எதுவும் நிகழ்ந்திருக்க வழியில்லை. ஒரு கல்யாணம் வாரக்கணக்கில் நடக்கும். கதையின் நாட்காட்டி பின்தங்கப் பின்தங்க, நடிக்கும் பிள்ளையின் உடல் மட்டும் நம் நாட்காட்டிப்படி வளர்கிறது.

இந்த இடைவெளியை அடைக்கக் கையாளும் வழி, ஆண்டுகளைத் தாண்டுவது. தமிழில் 'மண் வாசனை' என வந்த 'பாலிகா வது' 2008இல் தொடங்கியது. 2010இல் கதை தாவியபோது ஆனந்தியாக இருந்த அவிகா கோர் விலக, பிரத்யூஷா பானர்ஜி வந்தார். 'பாரதி கண்ணம்மா'வின் இரட்டைக் குழந்தைகளும் ஒரே தாவலில் பள்ளி வயதை எட்டினர்.

என்னை நிறுத்தியது 'வாணி ராணி' (2013–2018). 1,700க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடிய அத்தொடரில் ராணியின் மகள் தேன்மொழியாக வந்த நேஹா மேனன், சிறுமியாக நுழைந்து இளம்பெண்ணாக வளர்ந்தார். முகம் மாறவில்லை. அவள் எந்த வாரத்தில் சிறுமி என்ற நிலையைக் கடந்தாள் என்று தேதி குறிக்க முடியவில்லை. தாவலுக்குத் தேதி உண்டு, வளர்ச்சிக்கு இல்லை. எங்கள் குமாரபாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே தொடர் பார்ப்பவர்களுக்குப் பாதி வசனம் காதில் விழாது. அந்தப் பெண் உயர்ந்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே, பதிவாகாத வாழ்வு பாத்திரத்தினுடையதன்று, நடிகையினுடையது என்பேன். ஒரே பாத்திரத்தை வைத்து இவ்வளவு அழுத்திச் சொல்லலாமா என்று கேட்கலாம். முகம் மாறாத இடத்தில்தான் இதைச் சோதிக்கவே முடியும்.

ஜெராட்டி பக்கமும் ஒரு சான்று உண்டு. பொங்கலும் தீபாவளியும் நம் வீட்டுக்கு வரும் வாரத்திலேயே தொடர்வீட்டுக்கும் வருகின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பண்டிகை தேதியைக் காட்டுகிறதே தவிரக் காலத்தை நகர்த்துவதில்லை. பொங்கல் பானையைச் சுற்றி நிற்பவர்கள் பழைய சண்டையிலேயே நிற்கிறார்கள்.

'பாக்கியலட்சுமி'யின் (2020–2025) இனியா இதில் சிக்கலான இடம். அதே நேஹா மேனன்தான் நடித்தார். ஆனால் பள்ளி, கல்லூரி, திருமணம் என்று அங்கே கதையே வயதை எண்ணிக்கொண்டு போனது. இனியாவை என் தரப்பில் சேர்க்கத் தயங்குகிறேன். ஜெராட்டியின் தரப்பிலும் அவள் முழுதாகச் சேரமாட்டாள். அவள் கடந்த படிகள் எல்லாமே திரையில் பதிவானவை.