ஏட்டில் ஏறிய இசை



கோல சிலாங்கூர் வட்டார வரலாற்றைப் பேசுவோர் தென்னமரம் தோட்டத்தைத் தவறாமல் குறிப்பிடுவர். 1917ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் அமைத்தார். அவர் பெயர் ஏட்டில் நிலைத்துவிட்டது. அம்மண்ணில் உழைத்த நம் முன்னோர் லயத்து வீடுகளில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் பெரும்பாலும் ஏடேறவில்லை. பாடியவர்களோடு அவையும் மறைந்து வருகின்றன.

இக்குறையை எண்ணும்போதெல்லாம் என் நினைவுக்கு வருபவர் இசைஞானி இளையராஜா. வானொலி வழியாகவும் ஒலிநாடா வழியாகவும் நம் தோட்டங்களுக்குள் வந்து குடியேறியது அவர் இசை. ஆனால், அவரது இசைப் பயணமும் தோட்டத் தொழிலாளர் நடுவே தொடங்கியது என்பதை நம்மில் பலர் அறியமாட்டோம்.

தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958ஆம் ஆண்டு கேரளத்தின் தேவிகுளம் தொகுதியில் இடைத்தேர்தல் நடைபெற்றது. தேயிலைத் தோட்டத் தமிழர் நிறைந்த தொகுதி அது. பாவலரின் பாடல்கள் அங்கே தொழிலாளரிடம் பெரும் வரவேற்பைப் பெற்றன. அந்த அண்ணனின் குழுவில் சிறுவயதிலேயே சேர்ந்து ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று இசைத்தார் இளையராஜா. மக்களின் மெட்டுகளை அவர் பழகிய பள்ளிக்கூடம் அதுவேயாகும்.

அதோடு நின்றிருந்தால் அவர் சிறந்த மேடைக் கலைஞராக மட்டுமே இருந்திருப்பார். 1968ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தவர், தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராகச் சேர்ந்தார். மேலை இசையின் ஐந்து கோட்டுக் குறியீட்டைப் படிக்கவும் எழுதவும் அங்கே கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். பின்னாளில் டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கருநாடக இசையும் பயின்றார்.

1976ஆம் ஆண்டு பஞ்சு அருணாசலம் தயாரித்த 'அன்னக்கிளி' வெளிவந்தது. கிராமத்து மெட்டுகள் பல கருவிகளின் துணையோடு திரையில் ஒலித்தன. ஒவ்வொரு கருவிக்கும் உரிய இசைக்குறிப்பைத் தம் கையாலேயே தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வழக்கம். கலைஞர்கள் அதைப் பார்த்து வாசிப்பார்கள். 2016இல் வெளிவந்த 'தாரை தப்பட்டை' அவரது 1,000ஆவது படம் என அறிவிக்கப்பட்டது. இத்தனை படங்களுக்கு இசையமைக்க அவருக்குக் கைகொடுத்தவற்றுள் இந்த எழுத்துப் பயிற்சி முதன்மையானது என்பது என் கருத்து.

திரைக்கு வெளியேயும் அவர் எழுதினார். 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பைத் தியாகராசருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கினார். 1988இல் 'நத்திங் பட் விண்ட்' தொகுப்பில் அரிபிரசாத் சௌராசியாவின் குழலிசை இடம்பெற்றது. 1993இல் இலண்டன் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுக்காக ஒரு சிம்பொனி எழுதினார். ஒலிப்பதிவு முடிந்தும் அது வெளியிடப்படவில்லை. எனினும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. 2005இல் திருவாசகப் பாடல்களுக்கு அங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவைக் கொண்டு இசை வடிவம் தந்தார். 2025 மார்ச் 8ஆம் நாள் அவரது 'வேலியன்ட்' சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. அப்பொழுது அவருக்கு வயது 81.

தமிழ் அறியாத இலண்டன் கலைஞர்கள் ஒரு தமிழரின் மனத்தில் பிறந்த இசையை எவ்வாறு வாசித்தார்கள்? அவர்கள் கையில் எழுதப்பட்ட தாள் இருந்தது. அவ்வளவுதான்.

"அதெல்லாம் பிறவி ஞானம், நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. பிறவி ஞானம் இருக்கலாம். ஆனால், குறியீட்டை எழுதும் ஆற்றல் யாருக்கும் பிறவியில் வருவதில்லை. இருபத்தைந்து வயதளவில் மாணவராக அமர்ந்து அவர் கற்றுக்கொண்டது அது. நம் தமிழ்ப்பள்ளிகளின் இசைக்கல்வியிலும் ரெக்கார்டர் குழலும் அடிப்படைக் குறியீடும் உள்ளன. தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது இசைப்பாட நேரம்தான். ஆசிரியர்களாகிய நாமே இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

கோல சிலாங்கூரிலும் உலு சிலாங்கூரிலும் பால்மரக் காடுகள் பல செம்பனையாகிவிட்டன; லயங்கள் பல காலியாகிவிட்டன. எனினும் தோட்டத்துப் பாட்டை மறவாத பாட்டிமார் இன்னும் நம்மிடையே உள்ளனர். மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் பாடும் ஒரு பாடலைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். சொற்களை ஏட்டில் எழுதட்டும். பாடியவர் பெயர், தோட்டம், பாடப்பட்ட சூழல் ஆகியவற்றையும் குறிக்கட்டும். இசையாசிரியர் அம்மெட்டைக் குறியீடாக்கித் தந்தால், பிள்ளைகள் அதையே குழலில் வாசித்துப் பழகலாம்.

ஒரு பள்ளியில் ஆண்டுக்கு 10 பாடல்கள் சேர்ந்தாலும் போதும். நாளை ஒரு பிள்ளை இசையமைப்பாளராக வளர்ந்து தன் தோட்டத்து மெட்டைத் தேடினால், அப்பொழுது அவன் கையில் கொடுக்க நம்மிடம் ஓர் ஏடு இருக்க வேண்டும். பாட்டியார் பாடும் காலத்திலேயே அதைத் தொடங்குவோம்.